அழித்தால் அழியாத நிகழ்ச்சி: ஒரு திறந்த நிகழ்ச்சித் தரவுத்தளத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

நடுத்தர அளவுள்ள ஓர் ஊரில் எட்டுப் பேர் சேர்ந்தோம். அங்கே நடக்கும் பொது நிகழ்ச்சிகளை ஒரே இடத்தில் திரட்டி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவைப்பது நோக்கம். அந்த முயற்சி தொடங்கியது முதல் இன்றைய நிலை வரையிலான பதிவு இது. எட்டுப் பேரில் நானும் அடக்கம். ஆட்களின் பெயரோ அமைப்புகளின் பெயரோ ஊரின் பெயரோ இங்கே வராது. அவை இல்லாமலே விஷயம் விளங்கும்.

தேவை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்களில் ஒருவர் நூலகர். ஒரே மாலையில், அடுத்தடுத்த கட்டடங்களில், இரண்டு எழுத்துப் பயிற்சி வகுப்புகள் ஒன்றையொன்று அறியாமல் நடந்ததை அவர் பார்த்தார். இரண்டிலும் பாதி நாற்காலிகள் காலி. அரங்கத்தார் தங்கள் பலகையில் எழுதுகிறார்கள், மன்றம் தன் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறது, பள்ளி சுவரொட்டி ஒட்டுகிறது. தகவல் இல்லாமல் இல்லை, சிதறிக் கிடந்தது.

குழுவில் நிரலாளர்கள் இருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அரங்க நிர்வாகத்தில் அனுபவம் உள்ளவர் ஒருவர். மற்றவர்கள் ஆர்வத்தால் வந்தவர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. பெயர், நாள், நேரம், இடம் என நான்கு கட்டங்கள்தானே, ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம் என்று நிரலாளர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. நான்கு கட்டங்களும் அந்த வார இறுதியிலேயே தயாராகிவிட்டன. மீதி வேலைக்கு ஒன்றரை ஆண்டு ஆனது.

ஏற்கெனவே இருந்த தடங்கள்

இது புதிய முயற்சியன்று என்பது தெரிந்திருந்ததால், முன்பு செய்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் படித்தோம். 2003-இல் ஆண்டி பாயோ தொடங்கிய அப்கமிங் தளத்தில், அவரவர் ஊர் நிகழ்ச்சிகளை மக்களே பதிந்தார்கள். 2005-இல் யாஹூ அதை வாங்கியது. 2013-இல் மூடியது. மூடும் முடிவில் பதிந்தவர்களுக்குப் பங்கில்லை. நாளைக்கு நாங்களே கடையைக் கட்டினாலும் வேறொருவர் முழுத் தரவையும் எடுத்துக்கொண்டு தொடரும்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கிருந்து வந்தது.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 2008-இல் தன்னார்வலர்கள் உருவாக்கிய கேலகேட்டர் எங்களுக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி. தொழில்நுட்பக் கூட்டங்களுக்கான பொது நாட்காட்டி அது, நிரலும் திறந்தமூலம், அதாவது யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஒரே நிகழ்ச்சி இரண்டு முறை பதிவானால் அவற்றை ஒன்றாக்குவதற்கென்றே அதில் ஒரு வசதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபோதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஜான் யூடல் என்பவர் எல்ம்சிட்டி என்ற திட்டத்தில் வேறொரு வழியை முன்வைத்திருந்தார். நிகழ்ச்சி நடத்துபவர் தன் நாட்காட்டியைத் தானே வெளியிட வேண்டும், திரட்டுபவர் அந்த ஃபீடுகளை, அதாவது மற்ற நிரல்கள் அவ்வப்போது எடுத்துப் படிக்கும் நிகழ்ச்சிக் கோப்புகளை, சேர்த்துக் காட்டினால் போதும் என்பது அவர் வாதம். நல்ல யோசனைதான், ஆனால் நம் ஊர் அமைப்பாளர்களிடம் ஃபீட் எங்கே இருக்கிறது என்று சொல்லி அதை ஒதுக்கினோம். ஓராண்டு கழித்து அதே இடத்துக்குத்தான் திரும்பி வந்தோம்.

வடிவங்களைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை. ஐகேலண்டர் என்ற பொது வடிவம் 1998-இல் ஆர்எஃப்சி 2445 என்ற இணையத் தர ஆவணமாக வந்து, 2009-இல் ஆர்எஃப்சி 5545 ஆகத் திருத்தப்பட்டது. பெரும்பாலான நாட்காட்டிச் செயலிகளுக்கு அது புரியும். இணையப் பக்கங்களுக்குள் நிகழ்ச்சி விவரத்தைப் பொதிந்துவைக்க 2011-இல் தொடங்கிய ஸ்கீமா.ஆர்க் சொற்தொகுதி இருக்கிறது. இரண்டையும் ஏற்பது, இரண்டிலும் வெளியிடுவது என்று முடிவாயிற்று.

முதல் கட்டம்: கிடைத்ததையெல்லாம் சேர்த்தது

மூன்று வழிகளில் தகவல் வந்தது. யாரும் நிரப்பக்கூடிய ஒரு படிவம். ஃபீட் வைத்திருந்த சில அமைப்புகளின் ஐகேலண்டர் கோப்புகள். இவை தவிர, ஊர்ச் செய்திகளைப் போடும் சில பக்கங்களை இரவுதோறும் படித்து நிகழ்ச்சிகளைப் பிரித்தெடுக்கும் ஒரு நிரல். அதைச் சேகரிப்பான் என்று அழைத்தோம். சுவரொட்டிகளைப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலையை ஆசிரியர் தானாகவே எடுத்துக்கொண்டார். மாலை நடைக்குப் போகும்போது ஒரு சிறு நோட்டும் அவருடன் போகும்.

நிறைவான பட்டியலே பயனுள்ள பட்டியல் என்று அப்போது நம்பினோம். காலியாகக் கிடக்கும் பட்டியலை ஒருமுறை பார்த்தவர் மறுமுறை வரமாட்டார் என்ற பயம். அதனால் சந்தேகம் வந்தால் சேர்த்துவிடு என்பதே விதி. யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று குறித்துவைக்கும் கட்டம் தரவுத்தளத்தில் இல்லவே இல்லை. இந்த ஆய்வில் வரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இங்கே இருக்கிறது.

ஆறு மாதத்தில் வெளியிலிருந்து பயன்பாடு தொடங்கியது. நூலகத்தின் வாசலில் உள்ள திரை எங்கள் ஃபீடிலிருந்து அன்றைய நிகழ்ச்சிகளைக் காட்டியது. ஒரு மாணவர் தன் கல்லூரித் திட்டப்பணியாக ஒரு செயலி செய்தார். வேறொருவர் முழுத் தரவையும் ஒருமுறை இறக்கி, தன் பகுதிக்கான பக்கம் ஒன்றை அமைத்தார். எங்களிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே ஏற்பாடு. ஆகவே இன்னும் யார் யார் எடுத்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

கண்டவை

முதலில் கண்ணில் பட்டது இரட்டைப் பதிவு. ஒரே இசைக் கச்சேரி மூன்று இடங்களிலிருந்து மூன்று பெயர்களில் வந்தது. அரங்கம் தன் பெயரை முதலில் போட்டிருந்தது, குழுவினர் தங்கள் பெயரை, செய்திப் பக்கம் இரண்டையும் விட்டுவிட்டு ‘இசை மாலை’ என்று மட்டும். எழுத்து வேறுபாட்டை அளந்து ஒப்பிடும் முறைகள் உண்டு. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைத் திருத்த வேண்டும் என்று எண்ணும் லெவன்ஷ்டைன் தொலைவு 1965-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதைக் கொண்டுவந்தோம். எழுத்துப் பிழைகளை அது பிடித்தது. வேறு வேறு சொற்களால் அழைக்கப்பட்ட ஒரே நிகழ்ச்சியைப் பிடிக்க அதற்கு வழியில்லை.

தமிழுக்கே உரிய ஒரு குழியும் இருந்தது. ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை, கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில், ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். எகரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வேறு வேறு. பெயரில் ஒகரம் வந்த ஓர் அரங்கம் எங்கள் பட்டியலில் இரண்டு அரங்கங்களாக இருந்ததற்குக் காரணம் இதுதான். யூனிகோடு விதிப்படி இரண்டும் நிகரானவை. சேமிக்கும் முன் எல்லா உரையையும் ஒரே வடிவுக்கு மாற்றிவிட்டால் தீரும் பிரச்சினை. அந்த ஒரு வரி நிரலை எழுதும்வரை, கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாத இரண்டு பெயர்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நூலகரும் நிரலாளரும் ஒரு மாலை முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

இரட்டைப் பதிவைக் குறைக்க, ஒரே இடமும் ஒரே நேரமும் நெருக்கமான தலைப்பும் இருந்தால் தானாக ஒன்றாக்கும்படி செய்தோம். இரண்டு வாரத்தில் புகார் வந்தது. ஒரே கட்டடத்தில், ஒரே நேரத்தில், இரு வேறு வயதுப் பிரிவுக் குழந்தைகளுக்கு இரண்டு அறைகளில் கதை சொல்லும் நிகழ்ச்சி. நாங்கள் ஒன்றாக்கியதில் பெரிய குழந்தைகளுக்கானது பட்டியலிலிருந்தே காணாமல் போனது. ஒரே நிகழ்ச்சி இரண்டு முறை தெரிந்தால் பார்ப்பவருக்கு எரிச்சல், அவ்வளவுதான். ஒரு நிகழ்ச்சி தெரியாமலே போனால் அதை நடத்துபவருக்கு நட்டம்; அவருக்கு அது தெரியவும் வராது. தானாக ஒன்றாக்குவதை அன்றே நிறுத்தினோம்.

நாள் கணக்கிலும் ஒரு பிழை. முழுநாள் நிகழ்ச்சிகளுக்கு ஐகேலண்டரில் எழுதும் முடிவு நாள் நிகழ்ச்சிக்குள் அடங்காது. 5ஆம் தேதி முதல் 7ஆம் தேதி வரை கண்காட்சி என்றால் முடிவாக 8 என்று எழுத வேண்டும். நாங்கள் 7 என்று எழுதி அனுப்பினோம். செயலிகள் விதிப்படி படித்து, இரண்டே நாள் காட்டின. கடைசி நாளன்று யாரும் வரவில்லை என்று கண்காட்சிக்காரர் வருத்தப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம், நிரூபிக்க முடியாது.

தொடர் நிகழ்ச்சிகள் இன்னும் மோசம். ‘மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை’ என்பதை ஒரே விதியாக எழுத ஐகேலண்டரில் வழி உண்டு. முடிவு நாளோ மொத்த எண்ணிக்கையோ தராவிட்டால் அந்த விதி முடிவின்றித் திரும்பும் என்றுதான் கொள்ள வேண்டும். மன்றங்கள் அப்படித் திரும்புவதில்லை. நடத்தியவர் வேலை மாறிப் போகிறார், இடம் கிடைக்காமல் போகிறது, கூட்டம் மெல்ல நின்றுபோகிறது. நின்றுபோனதை யாரும் அறிவிப்பதில்லை. எங்கள் பட்டியலில் ஒரு சதுரங்கப் பயிற்சி, அது நின்று நான்கு மாதங்கள் ஆன பிறகும், வாரந்தோறும் தவறாமல் நடந்துகொண்டிருந்தது.

இவற்றையெல்லாம் தனித்தனிப் பிழைகளாகவே பார்த்தோம், தனித்தனியாகவே ஒட்டுப் போட்டோம்.

பூட்டிய கதவு

ஒரு சனிக்கிழமைக் காலை, மூத்த குடிமக்களுக்கான இலவச கண் பரிசோதனை முகாம். நடத்தவிருந்தவர்கள் மருத்துவர் வர இயலாததால் முகாமை ரத்து செய்து, புதன்கிழமையே எங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். அழைப்பை எடுத்த தன்னார்வலர் பத்து நிமிடத்தில் அந்தப் பதிவை அழித்தார். சனிக்கிழமை காலையில் பதினைந்து பேருக்கு மேல் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

படிவத்தில் இருந்த எண்ணுக்கு ஒருவர் அழைத்தார். “ஏம்ப்பா, நீங்க போட்டிருந்ததை நம்பித்தானே வந்தோம்? இந்த வயசுல ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அழைப்பை எடுத்தவர் அதே தன்னார்வலர்தான். தான் அழித்துவிட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

அடுத்த நாள் மூன்று பேர் உட்கார்ந்து நடந்ததை மணிவாரியாகத் திரும்ப எழுதினோம். யாரையும் குற்றம் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டு தொடங்கினோம். பதிவேடுகளைப் பார்த்தபின் குற்றம் சொல்ல ஆளும் கிடைக்கவில்லை.

புதன் மாலை பதிவு அழிக்கப்பட்டது உண்மை. அன்று இரவு சேகரிப்பான் வழக்கம்போல ஓடியது. ஒரு செய்திப் பக்கத்தில் முகாம் பற்றிய பழைய அறிவிப்பு அப்படியே இருந்தது. அதைப் படித்த நிரல், இது நம்மிடம் இல்லாத நிகழ்ச்சி என்று கண்டு, புதிய அடையாள எண் கொடுத்து, புதிதாகச் சேர்த்துவிட்டது. ‘இருந்தது, ரத்தானது’ என்பதற்கும் ‘இருந்ததே இல்லை’ என்பதற்கும் எங்கள் தரவுத்தளத்தில் வேறுபாடு கிடையாது. அழிப்பதன் மூலம் அந்த வேறுபாட்டை நாங்களே துடைத்துவிட்டிருந்தோம்.

இரண்டாவது காரணம் நூலகத் திரையில் இருந்தது. ஃபீடில் புதிதாக வருவதைச் சேர்த்துக்கொள்ளும்படி மட்டுமே அதை அமைத்திருந்தார்கள். ஃபீடிலிருந்து ஒன்று மறைந்தால் அதற்கு என்ன பொருள் என்று அதற்குச் சொல்லப்படவில்லை. நிகழ்ச்சி முடிந்து பட்டியலிலிருந்து போயிருக்கலாம், சர்வர் அரைகுறையாகப் பதில் தந்திருக்கலாம், ரத்தாகியிருக்கலாம். மறைந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாமல் இருந்தது அதன் வடிவமைப்பாளரின் முன்னெச்சரிக்கை. அதில் பிழை காண முடியாது. எனவே சனிக்கிழமை காலை திரையில் முகாம் இரண்டு முறை தெரிந்தது: பழைய அடையாளத்தோடு ஒன்று, புதிய அடையாளத்தோடு ஒன்று. முழுத் தரவை ஒருமுறை இறக்கி வைத்திருந்தவரின் பக்கத்திலும் இருந்தது. மாணவரின் செயலியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது தெரியவில்லை.

அதே வாரம் வேறொரு கோரிக்கையும் கிடப்பில் இருந்தது. சுவரொட்டியில் இருந்த தன் சொந்தக் கைபேசி எண்ணை நீக்கும்படி ஓர் அமைப்பாளர் கேட்டிருந்தார். நாங்கள் நீக்கிவிட்டோம். எங்கள் தரவை எடுத்தவர்களிடமிருந்து நீக்க எங்களால் முடியவில்லை. அவருக்கு அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. முகாமும் கைபேசி எண்ணும் ஒரே பிரச்சினையின் இரண்டு முகங்கள் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை மேசையில்தான் புரிந்தது. தரவைத் திறந்துவைத்த கணமே அழிக்கும் உரிமை நம் கையை விட்டுப் போய்விடுகிறது. சேர்ப்பதற்கு மூன்று வழி அமைத்தவர்கள், திரும்பப் பெறுவதற்கு ஒரு வழியும் யோசித்திருக்கவில்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

அன்று மாலையே சேகரிப்பானை நிறுத்தினோம். பட்டியல் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. குழுவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. பாதிப் பட்டியலுக்கு யார் வருவார்கள் என்ற பழைய பயம்தான். “பாதி உண்மையா இருந்தா போதும் சார், முழுசும் சந்தேகமா இருக்கக் கூடாது” என்று ஆசிரியரிடம் நூலகர் சொன்னது ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆசிரியருக்கு வருத்தம். அவர் நோட்டில் இருந்து வந்தவையும் சுவரொட்டியை மட்டுமே ஆதாரமாகக் கொண்டவை.

அடுத்தது, எதையும் அழிப்பதில்லை என்ற விதி. ஐகேலண்டரில் இதற்கான வசதி முதலிலிருந்தே இருந்தது, நாங்கள்தான் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மாறாத ஓர் அடையாளம், அதாவது யூஐடி, இருக்க வேண்டும். விவரம் முக்கியமாக மாறும்போதெல்லாம் சீக்வென்ஸ் என்ற திருத்த எண் ஒன்று உயர வேண்டும். ரத்தானால் ஸ்டேட்டஸ் என்ற கட்டத்தில் அதைச் சொல்ல வேண்டும். அதன்படி, ரத்தான நிகழ்ச்சியின் பதிவு அதே அடையாளத்தோடு ஃபீடில் தொடர்ந்து நிற்கும், ரத்து என்ற குறியோடு, நிகழ்ச்சி நாள் கடந்து ஒரு மாதம் வரை. எடுத்துப் பயன்படுத்துபவர் எப்போது வந்து பார்த்தாலும் செய்தி அங்கே இருக்கும். ஸ்கீமா.ஆர்க் வடிவிலும் ரத்து, ஒத்திவைப்பு, நாள் மாற்றம் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. பெருந்தொற்று தொடங்கிய 2020-இல் ‘இணையவழிக்கு மாறியது’ என்பதும் சேர்ந்தது. நாங்கள் மட்டுமே தடுமாறவில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

ஆதாரம் குறிக்கும் கட்டம் கட்டாயமானது. நடத்துபவரே சொன்னதா, இடத்தின் பொறுப்பாளர் சொன்னதா, மூன்றாம் ஆள் சொன்னதா. கடைசியாக உறுதி செய்த நாள் எது. நடத்துபவர் ரத்து என்றால் வேறு யார் என்ன சொன்னாலும் அது ரத்துதான். தொடர் நிகழ்ச்சிகளுக்கு மூன்று மாதத்துக்கு மேல் விதி ஓடாது. அதற்குள் யாராவது ‘இன்னும் நடக்கிறது’ என்று சொன்னால்தான் நீளும். சொல்லாவிட்டால் பதிவு மறையாது, அதன் அருகில் ஒரு கேள்விக்குறி வரும். மறைத்துவிடலாம் என்று ஒரு கட்சி இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று காட்டுவதே மேல் என்று முடிந்தது.

உரிமம் பற்றிய விவாதம்தான் அதிக நேரம் எடுத்தது. அதுவரை ‘இலவசமாகப் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரி மட்டுமே எழுதியிருந்தோம். சட்டப்படி அதற்கு என்ன பொருள் என்று யாருக்கும் தெரியாது. நாள், நேரம், இடம் போன்ற வெறும் தகவலுக்குப் பல நாடுகளில் பதிப்புரிமை கிடையாது. ஆனால் தொகுப்புக்கென்று தனி உரிமை சில இடங்களில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996ஆம் ஆண்டு நெறிமுறை அப்படியொரு உரிமையை 15 ஆண்டுகளுக்குத் தருகிறது. நிகழ்ச்சியின் வர்ணனையும் சுவரொட்டிப் படமும் எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் சொந்தம். அவற்றை வெட்டி ஒட்ட நமக்கு அனுமதியில்லை என்பதையே அப்போதுதான் கவனித்தோம்.

தன்னார்வலர்கள் வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012-இல் தேர்ந்த ஓடிபிஎல் உரிமத்தை ஒரு சாரார் விரும்பினார்கள். அதன்படி, தரவை மேம்படுத்தி வெளியிடுபவர் அந்த மேம்பாட்டையும் அதே உரிமத்தில் திறந்துவைக்க வேண்டும். வரைபடத்துக்கு அது பொருந்தும், ஒரு சாலை பல ஆண்டுகள் இருக்கும். நம் தரவோ அடுத்த வாரம் காலாவதி ஆவது. நூலகத் திரைக்கு நிபந்தனைகளைப் படித்துக்காட்டிக்கொண்டிருக்க முடியாது என்றது மறுசாரார். கடைசியில் வெறும் தகவல் கட்டங்களுக்கு எல்லா உரிமையையும் துறக்கும் சிசி0. வர்ணனைக்கும் படத்துக்கும் மூலப் பக்கத்துக்கான இணைப்பு மட்டும். தனிநபர் தொலைபேசி எண், மின்னஞ்சல் எதுவும் திறந்த தரவில் வராது. நகல் எடுப்பவர்கள் ஃபீடை எத்தனை மணிக்கொருமுறை திரும்பப் பார்க்க வேண்டும் என்று 2016-இன் ஆர்எஃப்சி 7986 தரும் புதுப்பிப்பு இடைவெளிக் கட்டத்தில் எழுதிவைத்தோம். அது வேண்டுகோள்தான். கட்டாயப்படுத்த வழியில்லை, அப்படி ஒரு வழி வேண்டும் என்று நாங்கள் நினைக்கவும் இல்லை.

இவற்றோடு சின்னதாக ஒன்று: இடங்களுக்குத் தனி அட்டவணை. ஒவ்வோர் அரங்கத்துக்கும் ஓர் அடையாளம், அதன் கீழ் மக்கள் அழைக்கும் எல்லாப் பெயர்களும்.

அதன் பின் நடந்தவை

நூலகத் திரையை அமைத்தவரிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னோம். ரத்துக் குறியைப் படிக்க அவருக்கு ஒரு பிற்பகல் போதுமாக இருந்தது. ரத்தான நிகழ்ச்சியை மறைக்காமல், குறுக்கே கோடு போட்டு அன்று முழுக்கக் காட்டலாம் என்ற யோசனையும் அவருடையதே. மாணவர் படிப்பு முடித்துப் போய்விட்டார். அவருடைய செயலி இன்னும் சிலரின் கைபேசியில் பழைய தரவோடு இருக்கிறது, அதற்கு மருந்தில்லை.

அமைப்பாளர்களிடம் ஒவ்வொருவராகப் போனோம். ஃபீட் என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. பெரும்பாலானோர் கைபேசி நாட்காட்டியில் தங்கள் நிகழ்ச்சிகளை ஏற்கெனவே குறித்துவைத்திருந்தார்கள். அதில் பொது நிகழ்ச்சிகளுக்கென்று தனி நாட்காட்டி ஒன்றைத் திறந்து, அதன் பொது இணைப்பை எங்களுக்குத் தரச் சொன்னோம். நாளை மாற்றினால் அவர்கள் கைபேசியில் மாற்றினால் போதும். யூடல் சொன்னதும் இதைத்தான். சிலர் மகிழ்ச்சியாகச் செய்தார்கள். சிலருக்கு மூன்று முறை போய் உட்கார வேண்டியிருந்தது. ஒரு பெரிய அரங்கத்தார் இன்றுவரை தரவில்லை; அவர்கள் நிகழ்ச்சிகள் எங்கள் பட்டியலில் இல்லை, அந்த வெற்றிடத்தைப் பலர் கேட்கிறார்கள்.

இந்த வழியிலும் ஓர் ஓட்டை இருந்தது. கைபேசியில் நிகழ்ச்சியை ரத்து செய்பவர் அதை அழித்துவிடுகிறார். பதிவு ஃபீடிலிருந்து வெறுமனே மறைகிறது. நூலகத் திரைக்கு இருந்த அதே குழப்பம் இப்போது எங்களுக்கு. வருங்காலத்து நிகழ்ச்சி ஒன்று மூலத்திலிருந்து மறைந்தால் தானாக எந்த முடிவும் எடுக்காமல் ‘கேட்டுப் பார்க்க வேண்டும்’ என்ற வரிசைக்கு அனுப்புகிறோம். வாரம் ஒருவர் முறைவைத்து வெள்ளிக்கிழமை மாலை அந்த வரிசையில் இருப்பவர்களுக்கும், கேள்விக்குறியோடு நிற்கும் தொடர் நிகழ்ச்சிக்காரர்களுக்கும் தொலைபேசியில் பேசுகிறார். இந்த வேலையில் ஆசிரியரை யாரும் மிஞ்ச முடியாது. பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்.

பூட்டிய கதவு போன்ற சம்பவம் அதன் பிறகு ஒருமுறை நடந்தது. ரத்துச் செய்தி எங்களுக்கு வரவே இல்லை. வாசலுக்குப் போனவர்களிடமிருந்துதான் தெரிந்தது. ஆதாரக் கட்டம் இருந்ததால், யார் எந்த நாளில் உறுதி செய்தார் என்று அழைத்தவருக்கு உடனே சொல்ல முடிந்தது. அவருடைய அலைச்சல் அதனால் குறையவில்லை.

மறுபடி தொடங்கினால்

இட அட்டவணையிலிருந்து தொடங்குவோம். நிகழ்ச்சிகள் வரும் போகும். அரங்கங்கள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இடம் சரியாக அடையாளப்பட்டிருந்தால் இரட்டைப் பதிவில் பெரும்பகுதி முதல் நாளே தெரிந்திருக்கும்.

சேர்க்கும் படிவத்துக்கு முன்பே ரத்து செய்யும் படிவத்தை எழுதுவோம். இதைச் சொன்னால் நிரலாளர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் அதை எழுதத் தொடங்கினாலே யூஐடி, ஆதாரம், உறுதி செய்த நாள் எல்லாம் தாமாகத் தேவைப்பட்டுவிடும். சேகரிப்பானை எழுதவே மாட்டோம். ஃபீட் கொடுக்கக்கூடிய ஐந்தாறு அமைப்புகளோடு தொடங்கி, பட்டியல் சின்னதாக இருப்பதைப் பொறுத்துக்கொள்வோம்.

உறுதியாகத் தெரியாதது ஆசிரியரின் நோட்டு பற்றித்தான். சுவரொட்டி மட்டும் ஒட்டும் சிறு குழுக்களுக்கு, கைபேசி நாட்காட்டி வைத்துக்கொள்ளாதவர்களுக்கு, எங்கள் புதிய விதிகள் கதவைச் சாத்திவிட்டன. அவர்கள் நிகழ்ச்சிகளை இப்போது அவர் நேரில் கேட்டு, கேட்ட நாளையும் எழுதி, தன் பெயரிலேயே உறுதி செய்து பதிகிறார். அவர் ஒருவர் இருக்கும்வரை நடக்கும் ஏற்பாடு.

முழுத் தரவும் பதிவேடுகளோடு வாரந்தோறும் வேறோர் இடத்தில் நகலாகிறது. கண் பரிசோதனை முகாமின் இரண்டு பதிவுகளையும், ரத்து என்ற குறியோடு, ஒரு மாத விதிக்கு விலக்காக வைத்திருக்கிறோம். இதை எழுதும்போது கேட்டுப் பார்க்க வேண்டிய வரிசையில் ஒன்பது நிகழ்ச்சிகள் இருக்கின்றன. இந்த வெள்ளிக்கிழமை என் முறை.